தானாக ஊதும் விசில்

மஞ்சக்குப்பம், கடலூர்
பொங்கல் கழிந்த ஞாயிறு

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. சேசுவுக்குப் புகழ். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. அப்படி எழுதியே பழகிவிட்டது. இந்தக் கடிதத்தில் மட்டும் அதை விட்டுவிடுகிறேன். பயந்துவிடாதே. மோசமான கட்டம் தாண்டிவிட்டது, மிச்சம் இருப்பது சின்னதுதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதனால்தான் இப்போது எழுதத் துணிந்தேன்.

முதலில் உன் விஷயம். ராஞ்சிக் குளிர் எலும்பு வரை போகிறது என்று எழுதியிருந்தாய். உள்ளே போட்டுக்கொள்ளக் கம்பளித் துணியில் இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். மடத்துச் சாப்பாட்டில் நீ இளைத்திருந்தால் தொளதொளவென்று இருக்கும், உள்ளே போடுவதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள். மதரிடம் கேட்டுப் போட்டுக்கொள்.

இப்போது இங்கத்திய விஷயம். உன் அப்பாவுக்கு ஐப்பசி மழையில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழாதே, முழுக்கப் படி. அன்று சிதம்பரம் ட்ரிப். ஆலப்பாக்கம் தாண்டும்போதே வயிறு உப்ப ஆரம்பித்திருக்கிறது. மனிதர் வாயைத் திறக்கவில்லை. டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். முட்லூரில் அவருக்கு வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்து டிரைவர் கார்த்திகேசன் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மச்சான், கேஸு" என்றாராம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடைசி ஆளையும் இறக்கிவிட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வயிறு தவில் மாதிரி இறுகிப் போயிருந்ததாம். கார்த்திகேசன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் கடலூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். நல்ல காலம், அது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டாக இருந்தது. நடுவழியில் ஆகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை.

குடல் முறுக்கிக்கொண்டதாம். பெருங்குடலின் கடைசிப் பகுதி திருகி, ரத்த ஓட்டம் நின்று, கறுத்துப் போய்விட்டது. அறுவைப் பிரிவுப் பெரிய டாக்டர் தில்லைநாதன் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார். குடல் அவ்வளவு வீங்கிக் கிடக்கும்போது இரண்டு முனையையும் உடனே சேர்த்துத் தைத்தால் தையல் விட்டுப்போகும் அபாயம் உண்டாம். அதனால் மேல்முனையை வயிற்றின் இடப்பக்கம் வெளியே எடுத்து வைத்துத் தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். வெளிக்குப் போவதெல்லாம் அந்தப் பைக்குள்தான். உடம்பு தேறியதும் திரும்ப உள்ளே வைத்துச் சேர்த்துவிடலாம், பழையபடி ஆகிவிடுவார் என்றார் டாக்டர்.

இது ஏன் வந்தது என்று கேட்டேன். "வெளிக்கி வந்தா அடக்கி அடக்கி வச்சிருப்பாரும்மா. வருஷக்கணக்கா அப்பிடி இருந்தா கொடலு நீண்டு தொங்கும். ஒரு நாள் திருகிக்கும். அதுவும் ஒரு காரணம்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உன் அப்பா பஸ் ஸ்டாண்டு கக்கூஸில் கால் வைக்க மாட்டார். ட்ரிப்புக்கு நடுவே போக மாட்டார். என் அம்மா வீட்டில் தங்கப் போனால் திரும்பி மஞ்சக்குப்பம் வரும்வரை போக மாட்டார். எதையும் உள்ளேயே வைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அது உனக்கும் தெரியும்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். சொல்லியிருந்தால் மதர் உன்னை அனுப்பி வைத்திருப்பார்கள். அதிக நாள் வெளியே தங்கிவிட்டால் கன்னியர் பயிற்சிக்கான நவகன்னி வருடத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நீதானே சொன்னாய்? கிறிஸ்துமஸுக்கு மதர் போன் கொடுத்தபோது "அப்பா எங்கம்மா" என்று கேட்டாய். டியூட்டிக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். பொய்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி, அவர் கொடுத்த செபத்தையும் சொல்லி முடித்துவிட்டேன், அதனால் நீ தனியாகத் திட்ட வேண்டாம்.

பையோடு வீட்டுக்கு வந்ததும்தான் கஷ்டம் ஆரம்பித்தது. வலி இல்லை, புண் ஆறிவிட்டது. பையைக் கழற்றவும் கழுவவும் ஒட்டவும் நானும் கற்றுக்கொண்டேன், அவரும் கற்றுக்கொண்டார். ஆனால் அந்தக் குடல் முனையில் வெளிக்குப் போவதும் காற்றுப் பிரிவதும் நம் பேச்சைக் கேட்காது. அடக்க முடியாது. அது பாட்டுக்குச் சத்தம் போடும். கார்த்திகை மாதத்தில் நம் வீட்டில் அன்பியக் கூட்டம். தெரு சனமெல்லாம் சேர்ந்து செபம் சொல்ல வந்து உட்கார்ந்திருக்கிறது. செபமாலையில் எல்லோரும் மௌனமாக இருந்த நேரம் பார்த்து அது சத்தம் போட்டுவிட்டது. சின்னப் பிள்ளை ஒன்று சிரித்துவிட்டது. யாரும் தப்பாக நினைக்கவில்லை, எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவர் எழுந்து உள்ளே போனவர்தான். அதற்கப்புறம் பூசைக்கு வருவதில்லை, வாசலுக்கு வருவதில்லை. யாராவது பார்க்க வந்தால் தூங்குவது போலப் படுத்துக்கொள்வார்.

ஒரு நாள் சாப்பாடு போடும்போது தானாகவே சொன்னார். "இத்தினி வருஷமா நான் விசிலு ஊதுனா பஸ்ஸு நிக்கும், நான் ஊதுனா கெளம்பும். இப்ப இது அதுவாவே ஊதுது சவரி" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம் அவருடைய பழைய யூனிபார்ம் துணியில் பைக்கு ஒரு உறை தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி நாடா போட்டுக் கொடுத்தேன். சத்தம் கொஞ்சம் அமுங்குகிறது. பகலெல்லாம் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இனி நீ கேட்டிருந்த கேள்வி. மே மாதம் கன்னியராக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன், பெற்றவர்கள் இருவரும் பீடம் வரை கூட நடந்து வந்து கையைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும், அப்பா வருவாரா என்று எழுதியிருந்தாய். நீ மடத்தில் சேரக் கிளம்பின அன்றைக்கு லீவு இருந்தும் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் அவர். அன்று முதல் உன் பெயரை வீட்டில் நான்தான் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "இத்த வச்சிக்கினு ரெண்டு நாளு ரயில்ல எப்பிடி?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பைதான் காரணமா, இல்லை பை ஒரு சாக்காகக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

வரும் வாரம் சிதம்பரத்தில் சேர்க்கிறோம். குடலைச் சேர்த்துப் பையை எடுத்துவிடுவார்கள். நீ அங்கே கோயிலில் முழங்காலிடும்போதெல்லாம் அப்பாவின் வயிற்றை நினைத்துக்கொள். மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா சவரியம்மாள்


சிதம்பரம், ஆஸ்பத்திரி வார்டு
வெள்ளிக்கிழமை சாயங்காலம்

பிரிசில்லா,

பென்சிலில் எழுதுகிறேன், பேனா மை தீர்ந்துவிட்டது. கீழே போய் வாங்கிவரலாம், ஆனால் இவரை விட்டு எழுந்து போக மனம் வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பை இல்லை. அந்த இடத்தில் ஒரு தையல்தான் இருக்கிறது. மயக்கம் தெளிந்ததும் கையை எடுத்து இடுப்பில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும்.

இந்த வார்டில் பயிற்சி டாக்டராக ஒரு பெண் இருக்கிறாள். பெயர் ஸ்ரீமதி. முதல் நாள் வந்ததும் உன் அப்பாவை உற்றுப் பார்த்து, "அங்கிள், நீங்க கண்டக்டர் அங்கிள்தானே? நான் புதுச்சத்திரம் ஸ்டாப்பிங்" என்றாள். சின்ன வயதில் கடலூர் பள்ளிக்கூடத்துக்கு இவருடைய பஸ்ஸில்தான் வந்து போனவளாம். அவள் ஓடி வருவதைப் பார்த்தால் இவர் விசில் கொடுக்காமல் நிறுத்தி வைப்பாராம். உன் அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. வார்டு முழுக்க "நம்ம பஸ்ஸு பாப்பா, டாக்டராயிடுச்சி" என்று சொல்லி முடித்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் கீரப்பாளையத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், அய்யனார் என்று பெயர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். அவருக்குச் சொன்னதையே நாலு தடவை சொன்னார்.

விஷயம் இதுதான். குடலைச் சேர்த்த பிறகு காற்றுப் பிரிய வேண்டுமாம். காற்று பின்வழியாகப் போய்விட்டால் தைத்த இடம் திறந்துகொண்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவரை தண்ணீர்கூடக் கிடையாது, டிரிப்ஸ்தான். மூக்கில் குழாய். ஸ்ரீமதி காலையிலும் மாலையிலும் வந்து, "அங்கிள், காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்கிறாள். அவர் இல்லை என்று தலையாட்டுகிறார். எல்லோருக்கும் பிரிந்துவிடுகிறது. எதிர்க்கட்டிலில் இவருக்குப் பிறகு ஆபரேஷன் ஆனவர் இட்லி சாப்பிடுகிறார். இவருக்கு மட்டும் இல்லை. நடக்கச் சொன்னார்கள், வராந்தாவில் நடக்க வைத்தேன். வயிற்றைத் தடவிவிட்டேன். திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டதாக அய்யனார் வீட்டம்மா இருசம்மாள் சொன்னார், அவர் வேண்டியதும் பலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று பெரிய டாக்டரே வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது, சத்தமும் கேட்கிறது, ஆனாலும் காற்றுப் பிரியவில்லை என்கிறாரே, நாளைக் காலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார். ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்படி இருக்காது என்றுதான் நினைக்கிறேன், இருந்தால் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அவர் என்னென்னவோ தைரியம் சொன்னார். எனக்கு அந்தத் "திறந்து" மட்டும்தான் காதில் விழுந்தது.

மறுபடியும் திறந்தால் மறுபடியும் பை. மறுபடியும் அந்த அறை. இந்த மனிதர் அதைத் தாங்க மாட்டார், பிரிசில்லா. உடம்பு தாங்கினாலும் மனது தாங்காது. எனக்கும் தெம்பு இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நீ இங்கே இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று இன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது. இதை உன்னைக் குறை சொல்லி எழுதவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். செபம் செய்.

அம்மா


மஞ்சக்குப்பம், கடலூர்
சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். இந்த முறை நிஜமாகவே நலம். கவருக்குள் பென்சிலில் எழுதின தாள் ஒன்றும் இருக்கும். அதை அன்று தபாலில் போட நேரம் வரவில்லை, கிழித்துப் போடவும் மனமில்லை. முதலில் அதைப் படித்துவிட்டு அழுதிருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைப் படி. நடந்ததைச் சொன்னால் உங்கள் மதர்கூடச் சிரிப்பார்கள், ஆனால் மதரிடம் சொல்லாதே.

சனிக்கிழமை காலை. ஸ்கேனுக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்து நிற்கிறது. நான் கையில் செபமாலையோடு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்துக் கட்டில் அய்யனாருக்கு அன்று வீட்டுக்குப் போக அனுமதி கொடுத்துவிட்டார்கள். இருசம்மாள் சாமான்களைக் கூடையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்ரீமதி வந்து கடைசியாக ஒரு தடவை கேட்டாள், காத்து பிரிஞ்சுதா அங்கிள் என்று. உன் அப்பா வழக்கம்போலத் தலையாட்டினார்.

அவ்வளவுதான், அய்யனாரால் பொறுக்க முடியவில்லை. "யம்மா டாக்டரம்மா, நான் சொல்றன்னு கோச்சிக்காதீங்க. அவுருக்கு எப்பவோ பிரிஞ்சிடுச்சி. நேத்து காலையில காப்பி வர்ற நேரத்துலேருந்து போயிக்கினுதான் இருக்குது. நீங்க வந்தா மட்டும் இல்ல இல்லன்னு தலையாட்டுறாரு. இதுக்குப் போயி வயித்தத் தெறந்துடப் போறாங்க!" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். இருசம்மாள் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "உனுக்கு எதுக்குய்யா இந்த வேல, மனுசன் கூச்சப்படுறாருல்ல" என்று அதட்டினார். அதாவது அந்த அம்மாவுக்கும் தெரியும். வார்டில் தெரியாத ஒரே ஆள் நான்தான். மருந்து வாங்கவும் முகம் கழுவவும் கோயிலுக்குப் போகவும் நான் எழுந்து போகும் நேரம் பார்த்து மனிதர் காரியத்தை முடித்திருக்கிறார்.

உன் அப்பா முகம் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஸ்ரீமதி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "அங்கிள், ஆறாவது படிக்கிறப்ப உங்க பஸ்ஸுல நான் வாந்தி எடுத்தேன், ஞாபகம் இருக்கா? எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சாங்க. நீங்கதான் உங்க துண்டக் குடுத்தீங்க. பாட்டில் தண்ணிய ஊத்தி நீங்களே கழுவிவிட்டீங்க. அப்ப நான் உங்ககிட்ட வெக்கப்பட்டேனா?" என்று கேட்டாள்.

அவர் போர்வையை மோவாய்க்குக் கீழே இறக்கினார். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். நேற்றுக் காலை காப்பி நேரத்தில் முதல் தடவை, அதற்கப்புறம் டாக்டர் வந்துபோன பிறகு, அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் என்று, டெப்போவில் கணக்கு ஒப்படைக்கிற மாதிரி ஒன்று விடாமல் சொன்னார். ஸ்ரீமதி கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். "எல்லாம் சரியான வழியாத்தானே அங்கிள்?" என்று கேட்டாள். "சரியான வழிதாம்மா" என்றார், காதில் விழாத குரலில்.

பெரிய டாக்டர் வந்து விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கொடலு ஒழுங்கா ஒத்துழைக்குது. ஆளுதான் ஒத்துழைக்கல" என்றார். தள்ளுவண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூக்குக் குழாயை எடுத்தார்கள். முதலில் ஒரு வாய் தண்ணீர், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாய், சாயங்காலம் வடித்த கஞ்சி. நான் ஸ்பூனில் கொடுக்கக் கொடுக்க அந்தக் கஞ்சியை அவர் குடித்த விதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். உப்புப் போட மறந்துவிட்டேனாம், அதைக் குறையாகச் சொன்னார். அது போதும் எனக்கு, குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் தேறிவிட்டார் என்று அர்த்தம். இந்த வருடம் தவக்காலம் வருவதற்கு முன்னாலேயே அவர் ஒருசந்தி இருந்து முடித்துவிட்டார்.

மறுநாள் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேவிட்டேன். அந்தப் பெண்ணிடம்தான் வெட்கம், என்னிடம் சொல்வதற்கென்ன, நான் என்ன பாடுபட்டேன் என்று தெரியாதா, மறுபடியும் வயிற்றைக் கிழித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நன்றாகக் கேட்டேன். குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டார். ஸ்கேன் வரைக்கும் போகும் என்று நினைக்கவில்லையாம், தள்ளுவண்டி வந்ததும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையாம். அப்புறம் சொன்னார். "மொதல்ல காத்து வந்தப்ப பாப்பா எதிர்க்கட்டிலாண்ட நின்னுக்கினு இருந்துச்சி. அடக்கிப் பாத்தேன். அடங்குச்சி. அது அந்தாண்ட போறவரைக்கும் அடங்குச்சி சவரி. அதுக்கப்புறம்தான் வுட்டேன். எனக்கு அது போதும்னு இருந்துச்சி" என்றார்.

திட்டுவதை அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் பையோடு அவர் பட்டதை நான்தானே கூட இருந்து பார்த்தேன். கையை எடுத்து அவர் கைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வார்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று சொல்லி அதற்கும் வெட்கப்பட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, குழைவாக. இட்லி, ரசம் சாதம், வேகவைத்த கேரட். மீன் எப்போது என்று கேட்கிறார். தையல் காய்ந்துவிட்டது. ஒரே தொந்தரவு, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. குடல் குட்டையாகிவிட்டது, அது பழகும்வரை அப்படித்தான் இருக்கும், மாதக்கணக்கில் சரியாகும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். கூடவே, வந்தால் இனிமேல் அடக்கவே கூடாது, எந்த இடமாக இருந்தாலும் போய்விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். இன்று காலை பூசைக்கு வந்தார். கடைசி பெஞ்சில் கதவோரம் உட்கார்ந்தார். பிரசங்கத்துக்கு நடுவே எழுந்து, எல்லோரும் பார்க்க, சாமியார் வீட்டுக் கக்கூஸுக்கு நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. அன்பியக் கூட்டத்தில் சிரித்த அந்தச் சின்னப் பிள்ளைக்கு வெளியே வந்ததும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அந்த யூனிபார்ம் துணி உறையை ஸ்ரீமதி பார்த்துவிட்டு, வார்டில் பை வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி தைத்துத் தர முடியுமா ஆன்ட்டி என்று கேட்டாள். பெண்ணாடத்திலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயி இவரைப் போலத்தான் போர்வைக்குள்ளேயே கிடக்கிறாராம். மிச்சத் துணியில் வெட்டி வைத்திருக்கிறேன். உன் அப்பாவேதான் துணியை எடுத்துக் கொடுத்தார். நாடாவை இன்னும் கொஞ்சம் நீளமாக வை, உட்கார்ந்தால் இழுக்கிறது என்று யோசனையும் சொன்னார்.

இப்போது இதை எழுதும்போது அவர் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திடீரென்று, "அந்த ராஞ்சி ரயில்ல ஒரு பொட்டிக்கு கக்கூசு எத்தினி இருக்கும்?" என்று கேட்டார். பெட்டியின் ஒரு கோடிக்கு இரண்டு, ஆக நாலு இருக்கும் என்றேன். "நாலு போதும். சீட்டு போடறப்ப கக்கூசாண்டயே கேளு. நாத்தம் அடிக்கும்னு எல்லாரும் வேணாம்பாங்க. நமக்குக் கெடச்சிடும்" என்றார். நமக்கு என்றார், பிரிசில்லா. என் காதால் கேட்டேன்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருக்கிறேன். கண் மறைக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உன்னை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி அப்பா என்றோ, மன்னித்துவிடுங்கள் என்றோ பக்கம் பக்கமாக எழுதிவிடாதே. அவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். உங்கள் மடத்தில் விருந்தினர் தங்கும் அறையிலிருந்து கக்கூஸ் எவ்வளவு தூரம், கோயிலில் பீடத்திலிருந்து எந்தக் கதவு கிட்ட, மே மாதம் அங்கே தண்ணீர் ஒழுங்காக வருமா, இதை மட்டும் விவரமாக எழுது. மீதியை அங்கே வந்து அவரே பார்த்துக்கொள்வார்.

பதிலை என் பெயருக்கு எழுதாதே. கவர்மேல் அப்பா பெயரை, திரு. சார்லஸ் என்று, பெரிதாக எழுது. தபால்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வாசல் வரை போய் வாங்கிக்கொள்கிற அளவுக்கு இப்போது நடக்கிறார்.

மாதா துணை இருக்கட்டும்.

இந்த முறை எங்கள் வரவை எண்ணிக் காத்திருக்கச் சொல்லும்,
அம்மா சவரியம்மாள்